டைனோசர் போன பிறகு: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

டைனோசர்கள் அழிந்த பிறகு பூமி என்ன ஆனது, பாலூட்டிகள் எப்படிப் பெருகின என்று தமிழில் எழுத நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். வரைவைப் பார்த்துத் தரச் சொல்லி எனக்கும் அனுப்புகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் நாங்கள் எழுத வந்த காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். மனிதனும் டைனோசரும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன். அதை யாரும் திருத்திவிடுவார்கள்.

மில்லியனும் கோடியும்

10 மில்லியன்தான் 1 கோடி. டைனோசர்கள் அழிந்தது 66 மில்லியன், அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். 66 கோடி அல்ல. 66 கோடி ஆண்டுகளுக்கு முன் விலங்கு என்று சொல்ல ஏதாவது இருந்ததா என்பதே இன்னும் தீராத சண்டை.

அம்புக்குறி

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான். ஒரு பள்ளிக் கண்காட்சியில் திமிங்கிலப் பரிணாமம் பற்றிப் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். இந்தோஹியஸ், பாகிசீட்டஸ், அம்புலோசீட்டஸ், பாசிலோசாரஸ், நீலத் திமிங்கிலம் என்று, அழிந்துபோன நான்கும் இன்றைய ஒன்றுமாக வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு ஒரு சிவப்பு அம்பு. படத்துக்குக் கீழே காலமும் போட்டிருந்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். இந்தோஹியஸுக்கு 4.8 கோடி ஆண்டு, பாகிசீட்டஸுக்கு 4.9 கோடி. "பேரன் பொறந்தப்புறம்தான் தாத்தா பொறந்தாரா சார்?" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டுவிட்டான். விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "எல்லாம் இவங்களா ஜோடிக்கிறதுதாம்பா" என்று சொல்லியபடி நகர்ந்தார். ஃபிளெக்ஸைக் கழற்றி மறுபடி அடித்த செலவு போகட்டும். அந்தப் பெரியவரை யார் திரும்பக் கூட்டிவருவது?

இத்தனைக்கும் இந்தோஹியஸின் உண்மைக் கதையே சுவையானது. ஏ. ரங்க ராவ் என்ற நிலவியலாளர் ஜம்மு பகுதியின் காலாகோட்டில் சேகரித்த பாறைகளை, அவர் மறைந்த பிறகு அவருடைய மனைவி காத்து வைத்திருந்தார். அவை திமிங்கிலப் புதைபடிவ ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனின் ஆய்வகத்துக்குப் போயின. அங்கே பாறையிலிருந்து எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கைதவறி ஒரு மண்டையோட்டின் செவி எலும்பை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் பார்த்தால், எலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அதுவரை திமிங்கில இனத்தில் மட்டுமே கண்ட அமைப்பு அது! 2007-இல் கட்டுரை வந்தது. பூனையளவே இருந்த, குளம்புள்ள இந்தப் பிராணியின் குடும்பம் திமிங்கிலங்களுக்கு மிக நெருங்கிய உறவு என்று அதில் சொன்னார்கள். மூதாதை என்று சொல்லவில்லை. தாத்தா அல்ல, பங்காளி.

பாசிலோசாரஸும் அப்படித்தான். பாம்பைப் போல நீண்ட உடல் கொண்ட ஆதித் திமிங்கிலம். 1834-இல் அதற்குப் பெயர் வைத்த ரிச்சர்ட் ஹார்லன் அதை ஊர்வன என்றே நினைத்தார். அந்தக் கிளை அதோடு முடிந்தது. நீலத் திமிங்கிலம் அதிலிருந்து வரவில்லை.

அம்பை அழித்துவிட்டுக் கிளை வரையுங்கள். புதைபடிவங்களைக் கிளை நுனியில் வையுங்கள், அடிமரத்தில் ஏற்றாதீர்கள். இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவான நீர்யானைக்கும் ஒரு கிளை விடுங்கள். அதை ஏனோ எல்லோரும் மறக்கிறார்கள்.

"அப்போதும்தான் சூடேறியது"

5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் சராசரி வெப்பம் 5 முதல் 8 டிகிரி வரை கூடியது. இதைச் சரியாக எழுதிவிட்டு, ஆகவே இன்றைய வெப்பமும் புதிதல்ல என்று முடிக்கிறார்கள். வேகத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அன்று கார்பன் வெளியேறச் சில ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. இன்று நாம் வெளியேற்றுவது அதைப் போல ஏறத்தாழ 10 மடங்கு வேகத்தில் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த மெதுவான சூட்டுக்கே அமெரிக்காவின் வயோமிங்கில் சிஃப்ரிப்பஸ் என்ற ஆதிக் குதிரை சுமார் 30 சதவீதம் சிறுத்துப்போனது. பூமி குளிர்ந்ததும் மறுபடி பெருத்தது. குதிரைகள் தொடக்கத்திலிருந்து வளர்ந்துகொண்டே வந்தன என்று எழுதுகிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.

அண்டார்க்டிகாவுக்கு ஒற்றைக் காரணம்

3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பனி மூடியதற்கு, கண்டங்கள் விலகிக் குளிர்ந்த நீரோட்டம் சுற்ற வழி கிடைத்தது என்று மட்டும் எழுதாதீர்கள். காற்றில் கரியமில வாயு குறைந்ததும் உண்டு. எதன் பங்கு பெரிது என்ற வாதம் இன்னும் ஓடுகிறது.

வாள்பல் 'புலி'

வாள் போன்ற நீண்ட பற்கள் கொண்ட, அழிந்துபோன அந்த விலங்கு பூனைக் குடும்பம்தான். ஆனால் புலியல்ல.

"பனியுகம் முடிந்துவிட்டது"

முடியவில்லை. 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது அதன் கடைசிக் கடுங்குளிர்க் கட்டம் மட்டுமே. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனிப்படலம் கிடக்கிறவரை நாம் இருப்பது இரண்டு கடுங்குளிர்க் கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவேளையில்.