சால்னாவிலும் இறங்காத பரோட்டா

முதலில் சிக்கியது பரோட்டா. மதுரைக்காரனுக்கு இதைவிட அவமானம் உண்டா? அப்புறம் இட்லி, கடைசியில் தண்ணீரே நெஞ்சில் நின்றது. “கேஸாத்தான்யா இருக்கும், சீரகத் தண்ணி குடி” என்றார் அம்மா. செல்லூர் பக்கம் ஒரு கிளினிக்கில் 8 மாதம் அசிடிட்டி மாத்திரை. 10 கிலோ இறங்கினேன். ராத்திரி படுத்தால், தின்ற சோறு புளிப்பே இல்லாமல் பருக்கை பருக்கையாகத் தலையணையில் கிடக்கும்.

அந்தப் புளிப்பில்லாததுதான் துப்பு என்றார் பிறகு பார்த்த குடல் டாக்டர். வயிற்றுக்கே போகாத சோறு அது. எண்டோஸ்கோப்பியில் புண்ணோ கட்டியோ இல்லை. பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடித்து எடுத்த எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் மேலே பையாக வீங்கி, கீழே கிளிமூக்காகக் கூர்ந்திருந்தது. மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்க வைத்துச் உணவுக்குழாயின் அழுத்தத்தை அளந்த மேனோமெட்ரி சோதனை உறுதிசெய்தது: அக்கலேசியா. விழுங்கும்போது திறக்க வேண்டிய உணவுக்குழாயின் கீழ்த்தசை இறுகியே கிடக்கிறது, நரம்புக் கோளாறு.

பலூன் விட்டு விரிக்கலாம், தசையை வெட்டலாம். வாய்வழியே எண்டோஸ்கோப்பில் வெட்டும் ‘போயம்’ செய்துகொண்டேன். வெளியே தழும்பில்லை. நெஞ்செரிச்சல்தான் புதிதாக ஒட்டிக்கொண்டது. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை.

பரோட்டா இறங்குகிறது, பிய்த்துப் போட்டு நன்றாக ஊறவிட்டால்.