படுக்கப் போகும்முன் மூங்கில் கழியைக் கவனியுங்கள்

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சிங்கப்பூரில் ‘சுமத்ரா ஸ்குவால்’ (திடீர்ப் பலத்த காற்றோடு வரும் இடிமழை) காலம். சுமத்ரா பக்கமோ மலாக்கா நீரிணையிலோ உருவாகும் இடிமழை வரிசை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ இங்கே வந்து இறங்கும். நாம் நன்றாகத் தூங்கும் நேரம்!

லேசாக நினைக்க வேண்டாம்: 1984 ஏப்ரல் 25 அன்று சிங்கப்பூரின் தெங்கா பகுதியில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியிருக்கிறது.

அதனால் இரவே சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழிகளைத் துணியோடு உள்ளே இழுத்துவிடுங்கள். தாழ்வாரச் சுவர்மேல் வைத்த துளசித் தொட்டியைத் தரையில் இறக்குங்கள் (பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும்?). அப்புறம், காலையில் மைஎன்வி செயலியில் மழை ரேடாரைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். இடி கேட்டால் மரத்தடி வேண்டவே வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒதுங்குங்கள். குடையை நம்பாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.