லெவல் ஏறும்போது எதை எடுப்பது? புதியவர்களுக்கு ஒரு வழி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் கதை விளையாட்டுக்கு வரும் புதியவர்களில் சிலர், கடைசிப் படியான லெவல் 20 வரை என்னென்ன எடுக்கலாம் என்று முதல் நாளே எழுதிவைத்துவிடுவார்கள். அப்புறம் கதையில் என்ன நடந்தாலும் அவர்கள் கேரக்டர் அசையாது. சிலர் எதையும் யோசிக்காமல் உட்காருவார்கள். ஆசைப்பட்ட வழி அடைபட்டிருப்பது அவர்களுக்குப் பாதியில்தான் தெரியும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்து, நான் புதியவர்களுக்குச் சொல்லும் முறை இது.

1. எண்களை யோசித்துப் போடுங்கள்

ஆறு திறன்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 ஆகிய எண்களைப் பங்கிடலாம். திட்டம் உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். உங்கள் கிளாஸாக, அதாவது கேரக்டரின் தொழிலாக, ரோக் (பதுங்கித் தாக்கும் திருடன்) எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு) 15, சரி. விஸ்டம் (விவேகம்) எதற்கு என்று அங்கே 8 போட்டால், பின்னால் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்பவர்) ஆக ஆசை வந்தாலும் முடியாது. மல்டிகிளாஸ் செய்ய, அதாவது ஒரு கிளாஸோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள, பழைய கிளாஸ், புதிய கிளாஸ் இரண்டுக்கும் உரிய திறன் 13 ஆவது இருக்க வேண்டும். விஸ்டமுக்கு 13 கொடுத்து வையுங்கள்.

2. லெவல் 3 வரை மட்டும் திட்டமிடுங்கள்

லெவல் 3-க்கு 900 அனுபவப் புள்ளி போதும், சீக்கிரம் வந்துவிடும். அங்கே ரோக்குக்குத் துணைக்கிளாஸ் (கிளாஸுக்குள் ஒரு தனிப் பிரிவு) தேர்வு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் வேர்ல்விண்ட் அட்டாக் என்ற ஒரு ஃபீட்டுக்கு (தனிச் சிறப்புத் திறமை) முன்பே வேறு நான்கு ஃபீட் எடுத்திருக்க வேண்டும். நீண்ட திட்டம் போடும் பழக்கம் அங்கே நியாயம். ஐந்தாம் பதிப்பில் அந்தச் சங்கிலி இல்லை.

3. ஆட்டம் முடிந்ததும் மூன்று வரி எழுதுங்கள்

எதை அடிக்கடி செய்தேன், எதில் தோற்றேன், யாருக்குக் கடன்பட்டேன். உதாரணமாக: "காவலர்கள் துரத்தினார்கள். கோயில் பூசாரி என்னைப் பலிபீடத்துக்கு அடியில் ஒளித்துவைத்து, எனக்காகப் பொய் சொன்னார்." எந்தத் திட்டத்திலும் இப்படி ஒரு வரி இருக்காது. கால் ஆஃப் கத்துலு என்ற இன்னொரு கதை விளையாட்டில் இது விதியாகவே இருக்கிறது: பயன்படுத்தி வெற்றி கண்ட திறமைக்குப் பக்கத்தில் குறியிடுவார்கள், அதுதான் பிறகு வளர வாய்ப்புப் பெறும்.

4. லெவல் ஏறும் நாளில் நோட்டைப் படியுங்கள்

பூசாரியின் வரி மனதில் நிற்கிறதா? நான்காவது லெவலைக் கிளெரிக்காக எடுக்கலாம். அதற்கு விலை உண்டு: ரோக் 4-இல் வரும் திறன் உயர்வு ஒரு லெவல் தள்ளிப்போகும், ஸ்னீக் அட்டாக்கில் (ரோக்கின் மறைமுகத் தாக்குதல்) கூடுதலாக உருட்டும் மூன்றாவது பகடையும் அப்படியே. பதிலுக்கு, விழுந்து கிடக்கும் தோழனைத் தொட்டு எழுப்பும் மந்திரம் கையில் வரும். இந்த விலை தகும் என்பது என் எண்ணம். ஏனென்றால் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் அந்த மந்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

5. டஞ்சன் மாஸ்டரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்

மல்டிகிளாஸ் விருப்ப விதி, கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டரின் அனுமதி வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால், அடுத்த ஆட்டத்தில் அந்தப் பூசாரி உங்களுக்கு முதல் பிரார்த்தனையைச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை அவர் தயார் செய்து வைப்பார்.