புது டிஸ்க்கைச் சேர்க்கும்போது சறுக்கும் இடங்கள்

லினக்ஸ் சர்வரில் புது டிஸ்க்கைச் சேர்ப்பது நாலைந்து கமாண்டில் முடிகிற வேலை. டிஸ்க்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரித்து, ஃபைல்களை வைக்க ஃபைல் சிஸ்டம் எழுதி, ஒரு டைரக்டரியில் இணைத்து (மவுண்ட் செய்து), பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்யவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் சரி. தொல்லை என்னவென்றால், இதில் செய்கிற தவறுகளில் பாதி அப்போதே தெரியாது. எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலவே இருக்கும்.

உடனே தெரிந்துவிடும் தவறு ஒன்று உண்டு: வேறு டிஸ்க்கில் கை வைப்பது. லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி (sda, sdb) என்ற பெயர்கள் எந்த டிஸ்க்குக்கும் நிரந்தரமில்லை. லினக்ஸின் மையமான கெர்னல் டிஸ்க்குகளை எந்த வரிசையில் கண்டுகொள்கிறதோ அந்த வரிசையில் பெயர் விழும். நேற்றைய எஸ்டிபி, யூஎஸ்பி டிரைவ் ஒன்றைச் செருகி ரீபூட் செய்தபின் எஸ்டிசி ஆகியிருக்கலாம். அதனால் பழைய கமாண்டை ஹிஸ்டரியிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டாதீர்கள். முதலில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கமாண்டில் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் சீரியல் எண்தான் கைகொடுக்கும்.

அடுத்தது பார்ட்டிஷன் கருவி. எஃப்டிஸ்க் (fdisk) கருவியில் என்ன மாற்றினாலும் டபிள்யூ அழுத்தும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது; க்யூ அழுத்தி வெளியே வந்துவிடலாம். இன்னொரு கருவியான பார்ட்டட் (parted) அப்படியில்லை, என்டர் தட்டியதுமே எழுதிவிடும். எஃப்டிஸ்க் பழக்கத்தோடு பார்ட்டடில் உட்காருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் (MBR) அட்டவணை போதாது, மிச்ச இடம் வீணாகும். எஃப்டிஸ்க்கில் முதலில் ஜி அழுத்தி, புது வகையான ஜிபிடி (GPT) அட்டவணை போடுங்கள். சிறிய டிஸ்க்குக்கும் அதுவே நல்லது.

ஃபைல் சிஸ்டம் எழுதும் எம்கேஎஃப்எஸ் (mkfs) கமாண்டை ஓட்டும்போது எஸ்டிபி1 (முதல் பார்ட்டிஷன்) என்பதற்குப் பதில் எஸ்டிபி (முழு டிஸ்க்) என்று அடித்துவிட்டால், இப்போதுதான் போட்ட பார்ட்டிஷன் அட்டவணை போய்விடும். எழுதும் ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 (ext4) என்றால் ‘இங்கே ஏற்கெனவே ஒரு அட்டவணை இருக்கிறது, தொடரவா?’ என்று கேட்கும். எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்றால் ஒரேயடியாக மறுத்துவிடும். அந்த இடத்தில் எரிச்சல்பட்டு, வற்புறுத்தும் ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி ஓட்டுவது மோசமான பழக்கம். அது நிற்கிறது என்றால் ஏன் என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

இனி எஃப்எஸ்டேப். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் ஆபத்தானது இந்த ஒரு வரிதான். டிஸ்க் பெயரை எழுதாமல், ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்ணான யூயூஐடி (UUID) எழுதவேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதைக் காட்டும் பிஎல்கேஐடி (blkid) கமாண்ட் யூயூஐடி, பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) என்று இரண்டு எண்களைக் காட்டும். இரண்டாவதை எடுத்து ‘யூயூஐடி=’ என்பதற்குப் பின்னால் ஒட்டினால் அப்படி ஒரு டிஸ்க்கே கிடைக்காது. ஃபைல் சிஸ்டத்தை மறுபடி எழுதினாலும் யூயூஐடி மாறிவிடும், பழைய வரி செல்லாது.

அந்த வரி தப்பாக இருந்தால், பூட் ஆகும்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி (systemd) வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். மேஜைமேல் இருக்கும் கணினி என்றால் கீபோர்டில் திருத்திக்கொள்ளலாம். எங்கோ இருக்கிற வாடகை சர்வர் என்றால், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் (SSH) எழும்பாது. கன்சோலைத் தேடி ஓட வேண்டியதுதான். அதனால் டேட்டா டிஸ்க்குக்கு ஆப்ஷன்களில், டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயில் (nofail) சேர்ப்பது வழக்கம்.

ஆனால் நோஃபெயிலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டிஸ்க் இல்லாவிட்டால் அது வாய் திறக்காது. எல்லாவற்றையும் மவுண்ட் செய்யச் சொல்லும் ‘மவுண்ட் -ஏ’ கூட, தப்பான யூயூஐடியைப் பிழை காட்டாமல் தாண்டிப் போய்விடும். கையால் ஏற்கெனவே மவுண்ட் செய்துவைத்திருந்தால் அதையும் கணக்கில் விட்டுவிடும். அப்போது அந்த வரியின் ஆப்ஷனில் எழுத்துப்பிழை இருந்தாலும் தெரியாது. எனவே முதலில் அன்மவுண்ட் செய்யுங்கள், அப்புறம் ‘மவுண்ட் -ஏ’, அதன்பின் ஃபைண்ட்மவுண்ட் (findmnt) கமாண்டில் டிஸ்க் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே கமாண்டில் வெரிஃபை ஆப்ஷன் போட்டால் எஃப்எஸ்டேப் முழுவதையும் சரிபார்த்துச் சொல்லும்.

மவுண்ட் ஆகாத டைரக்டரி வெறும் டைரக்டரிதான். இரவு பேக்கப் ஓடும்போது டிஸ்க் அங்கே இல்லையென்றால், ஃபைல்கள் சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கில் போய் விழும். பிறகு டிஸ்க் திரும்பி வந்து அதே இடத்தில் மவுண்ட் ஆனால் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிடும். காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) ‘ரூட் நிறைந்துவிட்டது’ என்று காட்டும், ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூவில் (du) எங்கே தேடினாலும் அவ்வளவு ஃபைல் இருக்காது. தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் நிலை இது. மவுண்ட் செய்யும் முன்பே அந்தக் காலி டைரக்டரிமேல், அதை மாற்ற முடியாதபடி பூட்டும் ‘சிஹெச்அட்டர் +ஐ’ (chattr +i) ஓட்டிவிட்டால், டிஸ்க் இல்லாத நேரத்தில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர்கூட அதில் எழுத முடியாது. பேக்கப் பிழை காட்டி நிற்கும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

இதேபோல, ஃபைல்கள் இருக்கும் டைரக்டரிமேல் புது டிஸ்க்கை மவுண்ட் செய்துவிட்டு ‘எல்லாம் அழிந்துவிட்டதே’ என்று பதறுகிறவர்களும் உண்டு. அன்மவுண்ட் செய்தால் பழையபடி தெரியும்.

ஃபைல்களின் உரிமையாளரை மாற்றும் சோன் (chown) கமாண்டை மவுண்ட் செய்த பிறகே ஓட்டுங்கள். முன்னால் ஓட்டினால் அடியில் இருக்கும் டைரக்டரிக்குத்தான் போய்ச் சேரும். புது இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கும், அதாவது 2 டிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 100 ஜிபி. வெறும் டேட்டா டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் (tune2fs) கமாண்டில் 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம், ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.