ஃபோர்லானைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

கால்பந்து பற்றி எழுதப் பழகும் பிள்ளைகளின் கட்டுரைகளைச் சில வருடங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஐரோப்பாவுக்குப் போய் ஆடிய தென் அமெரிக்க ஃபார்வர்டு ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால், யாராவது ஒருவர் கட்டாயம் உருகுவேயின் டியாகோ ஃபோர்லானை எடுத்துக்கொள்வார். நல்ல தேர்வுதான். ஆனால் இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகளே அச்சு அசலாகத் திரும்பி வருகின்றன. பெயர்ப் பிழை, வருடப் பிழை எல்லாம் இன்னொரு முறை படித்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் ஐரோப்பிய கிளப்பை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். "முதல் கோலுக்கு 27 ஆட்டங்கள் காத்திருந்த ஃபோர்லான், மான்செஸ்டர் யுனைடெட்டில் தோற்றுப்போனார்." எத்தனை கட்டுரைகள் இந்த வரியில் தொடங்குகின்றன!

நானும் இதே வரியை எழுதியவன். 2004 ஆகஸ்டில் அவர் இங்கிலாந்தின் யுனைடெட்டை விட்டு ஸ்பெயினின் வில்லாரியலுக்குப் போனபோது, ஒரு சிறு விளையாட்டு இதழில் அரைப்பக்கம் எழுதினேன். லீகில் 63 ஆட்டங்கள், 10 கோல்கள். இந்த இரண்டு எண்களை வகுத்துப் பார்த்துவிட்டு, ஐரோப்பா இவருக்கு ஒத்துவராது என்று முடித்தேன். அடுத்த மே மாதம் ஸ்பானிய லீகில் 25 கோல்களுடன் அவர் முதலிடத்தில் நின்றார். ஐரோப்பிய லீக்குகளில் கோல் குவிப்பவருக்கான தங்கக் காலணி விருதை ஆர்சனலின் தியரி ஹென்றியோடு பகிர்ந்துகொண்டார். இதழுக்கு வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார்: "அந்த 63 ஆட்டங்களில் எத்தனையில் அவரைத் தொடக்கத்திலிருந்து இறக்கினார்கள் என்று பார்த்தீர்களா?" நான் பார்த்திருக்கவில்லை. எனக்கு எழுத வாய்ப்பு கொடுத்த ஆசிரியர் அன்றிலிருந்து ஒரு வருடம் வீரர் அறிமுகம் எதையும் என்னிடம் தரவில்லை. அது நியாயம்தான்.

பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அந்த ஆட்டங்களில் பாதிக்கு மேல் அவர் மாற்று வீரராகத்தான் இறங்கினார். வந்தது 2002 ஜனவரியில், பியூனஸ் அயர்ஸ் கோடையிலிருந்து நேராக மான்செஸ்டர் குளிருக்கு. அர்ஜென்டினாவின் இன்டிபெண்டியன்டேவில் ஆடியவர், மற்றவர்கள் பாதி சீசன் ஆடி முடித்திருந்த அணிக்குள் நுழைகிறார். முன்னால் ரூட் வான் நிஸ்டல்ராய் இருக்கிறார். 2002-03 சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 44 கோல் அடித்த மனிதர். அவரைத் தனியாக முன்னால் நிறுத்தி, பின்னால் பால் ஸ்கோல்ஸை ஆடவைத்தார்கள். இரண்டாவது ஸ்ட்ரைக்கருக்குப் பல நாள் இடமே கிடையாது. கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கப்படுகிறவரைத் தொண்ணூறு நிமிடம் ஆடுகிறவரோடு எப்படி ஒப்பிடுவது?

இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தச் சீசனில் ஃபோர்லான் லீகில் அடித்தது ஆறே கோல்கள். அவை எப்போது விழுந்தன என்று பாருங்கள். ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 77ஆவது நிமிடத்தில் சமன் செய்த கோல். சௌதாம்ப்டனுக்கு எதிராக 85ஆவது நிமிடத்தில் வெற்றி கோல். டிசம்பர் 1 அன்று லிவர்பூலின் சொந்த மைதானத்திலேயே இரண்டு கோல்கள், 2-1. முதல் கோல் லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக்கின் கால்களுக்கிடையே பந்து நழுவியதால் கிடைத்தது, சரி. ஆனால் அந்த இடத்தில் போய் நின்றவர் யார்? அப்புறம் ஜனவரியில் செல்சியை வீழ்த்திய கடைசி நிமிட கோல். இந்த ஐந்தையும் எடுத்துவிட்டால் யுனைடெட் எட்டுப் புள்ளிகளை இழந்திருக்கும். ஆர்சனலை முந்திப் பட்டம் வென்றது ஐந்து புள்ளி வித்தியாசத்தில்!

தோற்றுப்போனவர் என்று இவரையா எழுதினோம்?

வில்லாரியலில் அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு காலாலும் சுடும் வல்லமை முன்பே இருந்தது. பின்னால் பந்து கொடுக்க ரிக்கெல்மே இருந்தார், தொண்ணூறு நிமிடம் ஆடவிடப் பயிற்சியாளர் பெல்லெக்ரினி இருந்தார். அந்தச் சிறிய ஊரின் அணி லீகில் மூன்றாவதாக வந்தது. எழுத உட்காரும் முன் அவரைத் தொடக்கத்தில் இறக்கினார்களா, கோல் விழும்போது ஸ்கோர் என்ன, பக்கத்தில் ஆடியவர் யார் என்று பாருங்கள். அதுவரை சராசரி போடாதீர்கள்.

வாங்கிய விலையில் கட்டுரையைத் தொடங்குவது

வேண்டாம்.

சம்பா

அது பிரேசிலுடையது. உருகுவேக்காரரைப் பற்றிய கட்டுரையில் அந்த வார்த்தையைக் கண்டால் அடித்துவிடுவேன்.

இரண்டு இன்டர்களைக் குழப்புவது

இது புரிந்துகொள்ளக்கூடிய தவறு. 2011இல் அவர் போனது இத்தாலியின் இன்டர் மிலானுக்கு. 2012இல் போனது பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்து இன்டர்நாசியோனாலுக்கு. இரண்டையும் ஒன்றாக்கி, மிலானில் மூன்று வருடம் ஆடினார் என்று எழுதிய கட்டுரையைத் திருத்தியிருக்கிறேன். மிலானில் இருந்தது ஒரே சீசன். வயதாகிவிட்டதால் அங்கே சோபிக்கவில்லை என்று எழுதும் முன் இதையும் கவனியுங்கள்: அந்தக் கோடையில் தன் முந்தைய கிளப்பான ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்காக, ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைத் தொடரான யூரோப்பா லீகின் தகுதிச் சுற்றில் ஆடிவிட்டதால், முதல் நிலைத் தொடரான சாம்பியன்ஸ் லீகின் குழுச் சுற்றில் இன்டருக்காக இறங்க அவருக்கு விதி இடம் கொடுக்கவில்லை.

2010 உலகக் கோப்பையைத் தனிக் கதையாக எழுதுவது

தென்னாப்பிரிக்காவில் ஐந்து கோல்கள், தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து, உருகுவேக்கு நான்காம் இடம். எல்லோரும் இதைத் திடீர் அதிசயம்போல எழுதுகிறார்கள். அதே வருடம் மே 12 அன்று ஹாம்பர்க்கில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஃபுல்ஹாமுக்கு எதிராக அட்லெட்டிகோவுக்காக இரண்டு கோல் அடித்தவரும் அவர்தான். இரண்டாவது கோல் 116ஆவது நிமிடத்தில். அந்த அணிக்கு வந்து மூன்று சீசன் ஆகியிருந்தது. அதில் 2008-09இல் மட்டும் லீகில் 32 கோல்கள், இரண்டாவது தங்கக் காலணி. உலகக் கோப்பையில் பயிற்சியாளர் தபாரெஸ் அவரைச் சுவாரெஸ், கவானி இருவருக்கும் பின்னால் இறக்கி ஆடவைத்தார். 31 வயதில் முன்வரிசையை விட்டுக்கொடுத்துவிட்டு ஐந்து கோல் அடித்திருக்கிறார். எழுத வேண்டியது அதை.

குடும்பத்தைக் கடைசிப் பத்தியில் ஒட்டுவது

தாய்வழித் தாத்தா ஹுவான் கார்லோஸ் கொராசோ, 1959இலும் 1967இலும் தென் அமெரிக்கப் பட்டம் வென்ற உருகுவே அணிகளின் பயிற்சியாளர். அப்பா பாப்லோ 1967 அணியில் வீரர். அதே தென் அமெரிக்கப் பட்டத்துக்கான 2011 கோபா அமெரிக்கா இறுதியில் பராகுவேயை 3-0 என்று வென்றபோது இரண்டு கோல்கள் டியாகோவுடையவை. மூன்று தலைமுறை, ஒரே பட்டம். இதைக் கடைசியில் தகவல் துணுக்காகப் போடாமல் உள்ளே கொண்டுவாருங்கள்.

ஐரோப்பாவோடு கதையை முடித்துவிடுவது

ஜப்பானில் செரேசோ ஒசாகா, சொந்த ஊர் மான்டெவீடியோவில் பெனரோல், அப்புறம் 2016இல் இந்தியன் சூப்பர் லீகுக்காக மும்பை சிட்டி. அந்த நவம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸை மும்பை 5-0 என்று தோற்கடித்தது. அதில் மூன்று கோல்கள் 37 வயது ஃபோர்லானுடையவை.