ஹைட்ரஜன் பெராக்சைடு: கறையோடு துணியும் போய்விடாமல் இருக்க

கறை எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்தும்போது நாம் செய்கிற முதல் தவறு, லேபிளைப் படிக்காமல் ஊற்றுவது. இணையத்தில் வரும் வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் 3 சதவீதக் கரைசலை வைத்துச் சொல்பவை. நம்மூர் மருந்துக்கடையில் கிடைப்பதில் '20 வால்யூம்' என்று போட்டிருந்தால் அது சுமார் 6 சதவீதம், அதனால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 20 வால்யூம் என்றால் ஒரு மில்லி திரவம் முழுதாகச் சிதையும்போது ஏறக்குறைய 20 மில்லி ஆக்சிஜன் வரும் என்று கணக்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டாலே, பாட்டில் விஷயத்தில் நாம் செய்கிற பாதித் தப்பு புரிந்துவிடும்.

கிண்ணத்தில் மிச்சமானதைத் திரும்பப் பாட்டிலிலேயே ஊற்றுகிறோம் இல்லையா, அதோடு போகும் துளி அழுக்கோ ரத்தமோ போதும், உள்ளே இருப்பதும் சிதைய ஆரம்பித்து வாயு சேரும். பெராக்சைடோடு சமையல் சோடாவும் சோப்பும் கலந்து ஸ்பிரே பாட்டிலில் இறுக மூடி வைப்பது இன்னும் மோசம், பாட்டில் வெடிக்கவே செய்யலாம். தேவையானதை மட்டும் அப்போதைக்கு அப்போது கலக்குங்கள். வெளிச்சமும் சூடும் ஆகாது என்பதால்தான் நிறப் பாட்டிலில் விற்கிறார்கள், அதை அழகான கண்ணாடிக் குப்பிக்கு மாற்றாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டில் குழந்தை இருக்கிறது.

அப்புறம் துணி. ரத்தக்கறையில் நன்றாக நுரைத்து வேலை செய்யும், ஆனால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். அடர்நிறத் துணியில் கறையோடு சாயமும் வெளுக்கும், எனவே உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். பட்டு, கம்பளி, ஜரிகை பக்கம் போகவே வேண்டாம். துருக்கறையிலும் கூடாது: இரும்பு பட்டதும் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து பருத்தி நூலையே இற்றுப்போக வைக்கும், கறை அப்படியே நிற்கும். வெள்ளை வேட்டியில் சாம்பார் மஞ்சள் என்றால், என்னைக் கேட்டால், துவைத்து வெயிலில் போடுங்கள், பாதி வேலையை வெயிலே பார்த்துக்கொள்ளும்.

வினிகரோடு சேர்த்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் பெரசிட்டிக் அமிலம் உண்டாகும். குளோரின் ப்ளீச்சோடும் சேர்க்கக் கூடாது. கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் விரல் நுனி வெள்ளையாகிக் குத்தும்.

பழைய பாட்டில் இன்னும் வேலை செய்யுமா என்று சந்தேகமா? நறுக்கிய பச்சை உருளைக்கிழங்குத் துண்டின் மேல் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான், சிங்க்கில் கொட்டிவிடலாம்.