அமெரிக்காவில் நர்ஸ் ஆக விரும்பும் இளம் குடியேறிகளுக்கு: சிஎன்ஏவிலிருந்து ஆர்என் வரை

குடும்பத்தோடு கிரீன் கார்டில் வந்து இறங்கி, பள்ளி இறுதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் இருபது வயதுக்காரருக்கு, அமெரிக்க மருத்துவத் துறையில் மிக விரைவாகத் திறக்கும் கதவு சிஎன்ஏ எனப்படும் செவிலியர் உதவியாளர் பணிதான். நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிவறைக்கு அழைத்துச் செல்வது, நாடித்துடிப்பை எண்ணிக் குறிப்பது ஆகியவையே அன்றாட வேலை என்பதால், நம் வீடுகளில் இதைச் சொன்னவுடன் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். சுளிக்கட்டும். நர்சிங் உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் முன்பே, சம்பளம் பெற்றுக்கொண்டே அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதியாகவோ தஞ்சம் பெற்றோ வந்தவர்கள், செல்லுபடியாகும் வேலை அனுமதி அட்டை உள்ளவர்கள் ஆகியோருக்குத் தடையில்லை. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் உரிய அனுமதியின்றிக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. முதியவர் ஒருவரை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளக் கையில் ரொக்கம் தருகிறோம் என்று தெரிந்தவர்கள் அழைத்தாலும் அதே விதிதான்.

சிஎன்ஏ பயிற்சிக்கு மத்திய அரசு விதித்துள்ள குறைந்தபட்ச அளவு 75 மணி நேரம். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. கலிஃபோர்னியாவில் அது 160 மணி நேரம். இதற்குப் பணம் கட்டும் முன் ஒரு விதியை அறிந்திருப்பது நல்லது. மெடிக்கேர் (முதன்மையாக முதியோருக்கானது), மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோருக்கானது) என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் சேர்ந்துள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நீங்கள் ஏற்கெனவே பணியில் இருந்தாலோ, பயிற்சி தொடங்கும் நாளில் அங்கே வேலை தருவதாக உறுதி பெற்றிருந்தாலோ, பயிற்சிக்கும் பாடநூலுக்கும் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சொந்தச் செலவில் படித்து முடித்து, 12 மாதங்களுக்குள் அப்படிப்பட்ட இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தால், நீங்கள் பணியில் இருக்கும் காலத்துக்கு ஏற்ப அந்தச் செலவைத் திருப்பித் தர மாநில அரசு வழிசெய்ய வேண்டும். இதை யாரும் வலிய வந்து சொல்வதில்லை; நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பயிற்சியில் சேரும்போது தடுப்பூசி விவரங்களைக் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி ஊசியை வழக்கமான முறையில் மூன்று தவணையாகப் போட்டு முடிக்க ஆறு மாதம் ஆகும் என்பதால், ஊரிலிருந்து தடுப்பூசி அட்டையைக் கொண்டுவராதவர்கள் இப்போதே தொடங்கிவிடுவது நல்லது. காசநோய்ப் பரிசோதனை இன்னொரு சிக்கல். நம்மில் பெரும்பாலோர் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள், இடது தோளில் அதன் தழும்பு இன்னும் இருக்கும். அந்த ஊசியின் விளைவாகத் தோல் பரிசோதனையில் கை வீங்கி, நோய்த்தொற்று இல்லாதவருக்கும் இருப்பதாக முடிவு வரலாம். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரங்கள் ஓடிவிடும். ஆகவே ஐஜிஆர்ஏ என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்யும்படி தொடக்கத்திலேயே கேளுங்கள். பி.சி.ஜி. ஊசி அதன் முடிவைப் பாதிப்பதில்லை.

பயிற்சி முடிந்ததும் சிஎன்ஏ ஆவதற்கு எழுதும் மாநிலத் தேர்வில் எழுத்துப் பகுதியைவிடச் செய்முறைப் பகுதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதற்குக் காரணம் அறியாமை அன்று, அவசரம்தான். கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: நீர் முழங்கைப் பக்கம் வழிந்துவிடாமல் விரல் நுனிகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், சோப்பு நுரையோடு குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும், துடைத்த பிறகு குழாயை வெறும் கையால் தொடாமல் புதிய காகிதத் துண்டால் மூட வேண்டும். நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்; அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் பழக்கம் இங்கே உதவாது. திரைச்சீலையை இழுத்து மறைப்பது, கட்டிலின் சக்கரங்களைப் பூட்டுவது, அழைப்பு மணியை நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது ஆகிய மூன்றையும் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போதே வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்.

வேலைக்குச் சேர்ந்தபின் அங்கேயே தங்கிவிடாதீர்கள். தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி, செவிலியர் உதவியாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 38,000 டாலரை ஒட்டியும், ஆர்என்னுக்கு அடுத்த கீழ்நிலையில் உள்ள எல்பிஎன் எனப்படும் உரிமம் பெற்ற செவிலியருக்கு 59,730 டாலராகவும், ஆர்என் எனப்படும் பதிவுபெற்ற செவிலியருக்கு 86,070 டாலராகவும் இருந்தன. எல்பிஎன் படிப்பு ஏறக்குறைய ஓராண்டு; கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் ஆர்என் ஆவதற்கான அசோசியேட் பட்டம் இரண்டாண்டு என்றாலும், உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்ற முன்தேவைப் பாடங்களையும் சேர்த்தால் மூன்றாண்டு வரை ஆகலாம். பணம் அதிகம் கேட்டு இடம் எளிதாகத் தரும் தனியார் பள்ளியைவிட, காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்தாலும் கம்யூனிட்டி காலேஜே மேல் என்பது என் கருத்து. கிரீன் கார்டு உள்ளவர்களும் அகதிகளும் மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2024-25 கல்வியாண்டில் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பெல் மானியத்தின் உச்சவரம்பு 7,395 டாலர். பணியிடத்திலும் கல்விக் கட்டண உதவி உண்டா என்று கேளுங்கள். முறையான திட்டமாக இருந்தால் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அதற்கு வருமான வரி கிடையாது.

எந்தப் பள்ளியானாலும் மாநிலச் செவிலியர் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் பட்டங்கள் விற்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. படித்து முடித்தபின் செவிலியர் உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வு, உங்கள் விடைகளுக்கேற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் கணினித் தேர்வு; 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். 85ஆவது கேள்வியோடு திரை நின்றுவிட்டால் தோற்றுவிட்டோம் என்று பதறத் தேவையில்லை. முடிவைக் கணினி உறுதிசெய்துவிட்டது என்பதே அதன் பொருள், அது தேர்ச்சியாகவும் இருக்கலாம்.

ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். அதைவிட முக்கியமானது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தும் பழக்கம். பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல் ஒலிப்பதால், "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிச் சரிபார்ப்பது இங்கேயே பிறந்து வளர்ந்த செவிலியர்களும் செய்வதுதான். என்றாவது ஒரு நாள் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி ஒருவர் அனுமதிக்கப்படுவார். மொழிபெயர்க்க உங்களைக் கூப்பிடுவார்கள். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று கேட்டு ஆறுதல் சொல்லுங்கள். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல், மருந்தின் அளவு போன்றவற்றுக்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும்படி பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிவிட்டு, இணைப்புக் கிடைக்கும்வரை அந்தப் பாட்டியின் பக்கத்திலேயே இருங்கள்.